சி நிரல்களில் வெளியீட்டுப் பிழைகளைக் கையாளுதல்

சி மொழி கற்கும் மாணவரின் முதல் நிரல் பெரும்பாலும் திரையில் ஒரு வணக்கத்தை அச்சிடுவதாக இருக்கும். அதில் தவறு நேர வழியே இல்லை என்று நினைப்போம். லினக்ஸ் இயங்குதளத்தில் '/டெவ்/ஃபுல்' என்றொரு சிறப்புக் கோப்பு உண்டு. எதை எழுதினாலும் 'இடமில்லை' என்று மறுப்பதே அதன் வேலை. வணக்கம் நிரலின் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டு இயக்கிப் பாருங்கள். ஓர் எழுத்தும் எங்கும் பதிவாகாது. ஆனால் நிரலோ வெற்றியைக் குறிக்கும் 0 என்ற மதிப்புடன் முடிந்துவிடும்!

இதற்குக் காரணம் இடையகம். பிரிண்ட்எஃப் தரும் எழுத்துகள் முதலில் நினைவகத்திலுள்ள இடையகத்தில் சேர்கின்றன. வெளியீடு முனையத்துக்குச் சென்றால், பொதுவாக ஒவ்வொரு வரி முடிவிலும் இடையகம் காலியாகும். கோப்புக்குச் சென்றால், அது நிரம்பும்வரை அல்லது நிரல் முடியும்வரை காத்திருக்கும். பிழை நேர்ந்தால் பிரிண்ட்எஃப் எதிர்ம எண்ணைத் திருப்பும் என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். அது சரியே. ஆனால் இங்கே அதை அழைத்த நேரத்தில் பிழை இன்னும் நேரவில்லை. நிரல் முடியும் தறுவாயில் நேரும்போது கேட்க ஆளில்லை.

ஆகவே முடிக்கும் முன் எஃப்ஃபிளஷ் செயற்கூற்றை அழைத்து, அது திருப்பும் மதிப்பைப் பார்க்க வேண்டும். முன்பே நேர்ந்த பிழையை எஃப்எரர் சொல்லும். நாமே திறந்த கோப்பானால் எஃப்குளோஸ் திருப்பும் மதிப்பையும் விடக்கூடாது. மதிப்பெண் பட்டியலைப் புதுப்பிக்கும் நிரல் பழைய கோப்பின் மீதே எழுதி, பாதியில் வட்டு நிறைந்துவிட்டால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. தற்காலிகக் கோப்பில் எழுதி, எல்லாம் சரியென்று உறுதியான பிறகே பெயரை மாற்றுவது நல்லது.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு சிக்கல் உண்டு. எஸ்என்பிரிண்ட்எஃப் எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. யுடிஎஃப்-8 முறையில் 'தமிழ்' என்ற சொல்லுக்கு 15 பைட்டுகள் தேவை. முடிவுக்குறிக்கு மேலும் 1. இடம் 16 பைட்டுக்குக் குறைந்தால் சொல் வெட்டுப்படும். திருப்பும் மதிப்பு அப்போதும் 15தான். அது கொடுத்த அளவுக்குச் சமமாகவோ மிகையாகவோ இருந்தால் வெட்டு நேர்ந்தது என்று அறியலாம். 11 பைட்டு கொடுத்தால் ழகரத்தின் ஒரு பைட்டு மட்டும் எஞ்சி, திரையில் கேள்விக்குறியோ கட்டமோ தோன்றும். 13 கொடுத்தாலோ கண்டுபிடிப்பதே கடினம்: புள்ளி மட்டும் போய் 'தமிழ' என்று நிற்கும்.