வார இறுதி செஸ் போட்டியில் வெற்றி வாய்ப்பைக் கண்டுபிடிப்பது எப்படி?

சித்தையன்கோட்டையில் அக்கம்பக்கத்தார் எல்லோரையும் செஸ்ஸில் ஜெயிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறதா? செம்பட்டி வழியாகத் திண்டுக்கல் போய், ஞாயிற்றுக்கிழமைப் போட்டி ஒன்றில் உட்காரவைக்கலாமா என்று யோசிக்கிறீர்களா? தாராளமாகச் செய்யலாம். ஓபன் பிரிவு இருந்தால் நீங்களும் பெயர் கொடுக்கலாம்; அதற்கு வயது வரம்பு கிடையாது.

முதல் ரவுண்டில் தோற்றால் வீட்டுக்குக் கிளம்ப வேண்டுமா? வேண்டாம். பெரும்பாலும் சுவிஸ் முறையில்தான் (யாரையும் வெளியேற்றாமல், ஒரே அளவு புள்ளி எடுத்தவர்களை மோதவிடும் முறை) ஆடவைப்பார்கள். முதல் ரவுண்டில் தரவரிசையின் மேல்பாதியும் கீழ்பாதியும் மோதும். அதனால் புதியவருக்குப் பலமான ஆள் வந்து வாய்ப்பது சகஜம். தோற்றால், அடுத்த ரவுண்டில் பெரும்பாலும் தோற்ற இன்னொருவர்தான் எதிரே வந்து உட்காருவார்.

வீட்டு ஆட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். எதிராளியின் காயைத் தொட்டால், வெட்ட முடிகிற பட்சத்தில் அதை வெட்டியாக வேண்டும். கட்டத்தில் கோணலாக நிற்கும் காயைச் சரிசெய்ய நினைத்தால், உங்கள் முறை வரும்போது, “அட்ஜஸ்ட்” என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். கோட்டை கட்டும்போது (ராஜாவையும் யானையையும் ஒரே முறையில் நகர்த்துவது) முதலில் ராஜாவைத்தான் தொட வேண்டும். யானையை முதலில் தொட்டுவிட்டு நடுவரிடம் வழக்காடும் பிள்ளைகளைப் பார்ப்பது பரிதாபம். காய் நகர்த்திய கையாலேயே கடிகாரத்தை அழுத்த வேண்டும். போன் ஒலித்தால் ஆட்டமே போய்விடும்.

சரி, புத்தகத்தில் நூறு புதிர் போட்ட பிள்ளைக்குப் போட்டியில் ஏன் எதுவும் தெரிவதில்லை? புதிரில் “இங்கே வெற்றி இருக்கிறது” என்று யாரோ முன்பே சொல்லிவிடுகிறார்கள். போட்டியில் சொல்ல ஆளில்லை. இப்போது தேட வேண்டும் என்று நாமேதான் உணர வேண்டும்.

உலகச் சாம்பியனுக்கும் இதே பாடுதான். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகச் சாம்பியன்ஷிப்பின் கடைசி ஆட்டம், 14ஆவது. டிராவை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 55ஆவது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன் டிங் லிரன் யானைகளை மாற்றிக்கொள்ள வழிவிட்டார். அவருடைய மந்திரியோ மூலையில் மாட்டி நின்றது. அது தவறு என்று நம்ம சென்னைப் பையன் குகேஷுக்கு முதலில் உறைக்கவில்லை. வேறு எதையோ ஆடப் போனதாகப் பிறகு அவரே சொன்னார். ஆனால் கையை நிறுத்தி, இன்னொரு தடவை பார்த்தார். யானைகள் வெட்டுப்பட்டன, மந்திரிகளும் வெட்டுப்பட்டன. மிஞ்சியது ராஜாக்களும் சிப்பாய்களும்தான். குகேஷுக்கு ஒரு சிப்பாய் கூடுதல். 18 வயதில் உலகச் சாம்பியன்.

அந்த “இன்னொரு தடவை” எதைப் பார்ப்பது? எதிராளி நகர்த்தியதும் முதலில் அவர் எந்தக் காயைக் காவலில்லாமல் விட்டார் என்று பாருங்கள். பிறகு உங்களால் தர முடிந்த எல்லாச் செக்கையும், எல்லா வெட்டையும் ஒருமுறை மனதில் ஆடிப் பாருங்கள், முட்டாள்தனமாகத் தோன்றுவதையும் சேர்த்து.

ஓர் உதாரணம். எதிராளி கோட்டை கட்டாமல் ராஜாவை நடுவிலேயே வைத்திருக்கிறார். ராணிப் பக்கத்து யானையும் மூலையை விட்டு நகரவில்லை. அந்தப் பக்கத்து மந்திரியின் சிப்பாய் ஆரம்பத்தில் நின்ற கட்டத்தில் உங்கள் குதிரை போய் உட்கார்ந்தால் ராஜாவுக்குச் செக், கூடவே யானைக்கும் அடி. இதுதான் ஃபோர்க் (ஒரே காய் இரண்டை ஒருசேரத் தாக்குவது). ராஜா ஒதுங்கத்தான் வேண்டும், யானை உங்களுக்கு. ஆனால் எதிராளியின் ராணி தன் சொந்தக் கட்டத்திலேயே நின்றால் அந்தக் குதிரையை வெட்டிவிடும். ஆகவே ராணி இடம்பெயர்ந்த அடுத்த நொடி அந்தக் கட்டத்தைப் பாருங்கள்.

கோட்டை கட்டிவிட்டால் கவலை இல்லையா? உண்டு. ராஜாவுக்கு முன்னால் மூன்று சிப்பாய்களும் அசையாமல் நின்றால், கடைசி வரிசையில் ஒரு யானை இறங்கியதும் ராஜாவுக்குத் தப்ப வழியில்லை. நேரம் கிடைக்கும்போது ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிடுங்கள். எதிராளி தள்ளவில்லை என்றால் அதையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் பார்க்க நேரம் இருக்குமா? ரேபிட் (விரைவு) ஆட்டத்தில் ஒருவருக்கு 10 நிமிடத்துக்கு மேல், ஒரு மணி நேரத்துக்குள் கிடைக்கும். தெரிந்த தொடக்க நகர்த்தல்களை வேகமாக ஆடிவிட்டு, காய்கள் நேருக்கு நேர் மோதும் இடத்தில் நேரத்தைச் செலவிடுங்கள். பல பிள்ளைகள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஜெயிக்கும் நிலையில்தான் அதிகக் கவனம் தேவை. எதிராளியிடம் ராஜா மட்டும் இருக்க, உங்களிடம் ராணி இருக்கிறது. செக் இல்லாமலேயே அவருக்கு நகர இடமில்லாமல் செய்துவிட்டால் அது ஸ்டேல்மேட் (நகர வழியில்லாததால் வரும் டிரா). முழுப் புள்ளி அரையாகிவிடும். ஒவ்வொரு தடவையும் அவருக்கு ஒரு கட்டமாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே ராணியைத் தொடுங்கள்.

முடிந்ததும் கை கொடுத்துவிட்டு, முடிவை நடுவர் சரியாகக் குறித்துவிட்டாரா என்று பார்த்துவிட்டே எழுந்திருங்கள். தப்பாகப் பதிவானால் அடுத்த ரவுண்டின் ஜோடியும் தப்பாகிவிடும்.