ஒன்பது வாக்குகள் சொல்லத் தொடங்கிய கதை

ஒரு நாட்டின் அரசியல் மனமாற்றத்தை அறியக் கோடிக்கணக்கான வாக்குகளைத்தான் ஆராய வேண்டும் என்பதில்லை. விரல்விட்டு எண்ணக்கூடிய வாக்குகளும் சில வேளைகளில் பெரிய பாடத்தைப் புகட்டிவிடும். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், கனடா எல்லைக்கு அருகே மலைகளுக்கிடையே அமைந்த டிக்ஸ்வில் நாட்ச் என்னும் சிற்றூர் இதற்குச் சான்று.

அதிபர் தேர்தல் நாள் பிறக்கும் நள்ளிரவிலேயே அங்கு வாக்குப்பதிவு தொடங்கிவிடும். பதிவு செய்த வாக்காளர் அனைவரும் வாக்களித்துவிட்டால் வாக்குச்சாவடியை மூடி எண்ணிவிடலாம் என்று அம்மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே சில நிமிடங்களில் முடிவு வெளியாகிவிடும். 1960இல் தொடங்கிய இவ்வழக்கத்துக்கு வித்திட்டவர், அவ்வூரின் பால்சம்ஸ் ஓட்டல் உரிமையாளர் நீல் டில்லட்சன். 2001இல் தமது 102ஆம் வயதில் அவர் மறைந்தார்.

முதல் தேர்தலில் குடியரசுக் கட்சியின் நிக்சனுக்கு 9 வாக்குகள். கென்னடிக்கு ஒன்றுகூட இல்லை. 1968இல் மட்டும் ஜனநாயகக் கட்சியின் ஹம்ஃப்ரி 8–4 என வென்றார். அதன்பின் நெடுங்காலம் அவ்வூர் குடியரசுக் கட்சியின் கோட்டையாகவே விளங்கியது. 1992 முதல் மாநிலம் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சியின் பக்கம் சாய்ந்தபோதும் சிற்றூர் அசையவில்லை. 2004இல் புஷ் 19, கெர்ரி 7.

நான்கே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. 2008இல் ஒபாமா 15, மெக்கெய்ன் 6!

காரணம் யாது? சிக்கனம், குறைந்த வரி, உள்ளூர்ச் சுதந்திரம் ஆகியவற்றையே அப்பகுதியின் பழைய குடியரசுக் கட்சியினர் பெரிதாக மதித்தனர். காலப்போக்கில் கட்சியின் மையம் தென் மாநிலங்களுக்கு நகர்ந்தது. அதன் பேச்சும் மாறியது. வாக்காளர் கட்சியை விட்டு விலகினர் என்பதைவிடக் கட்சி அவர்களை விட்டு விலகிச் சென்றது என்பதே பொருந்தும்.

ஆயினும் எண்களை அவசரப்பட்டு நம்பிவிடலாகாது. 2011இல் அந்த ஓட்டல் மூடப்பட்டது. பிழைப்பு போனால் ஊரில் மக்கள் நிலைப்பதேது? 2008இல் 21ஆக இருந்த வாக்குகள் 2012இல் பத்தாகக் குறைந்து, ஐந்துக்கு ஐந்து எனச் சமமாயின. 2020இல் பதிவான ஐந்தும் பைடனுக்கே விழுந்தன. 1960இன் 9–0 என்பதற்கு இது நேர் எதிர்போலத் தோன்றும். ஆனால் இடையில் மாறியது மனம் மட்டுமன்று, மனிதர்களும் மாறிவிட்டனர்.

2024 இன்னும் வியப்பானது. ஜனவரியில் நடந்த குடியரசுக் கட்சியின் முதனிலைத் தேர்தலில் ஆறு வாக்குகளும் டிரம்பை எதிர்த்த நிக்கி ஹேலிக்கே கிடைத்தன. நவம்பரிலோ டிரம்புக்கு மூன்று, கமலா ஹாரிஸுக்கு மூன்று!

மக்களை 'வாக்கு வங்கி' எனக் கணக்கிடுவோர் இச்சிற்றூரைச் சற்று நோக்க வேண்டும். நெடுங்காலக் கோட்டை எனினும் அது சில மனிதர்களின் தீர்மானமே அன்றி வேறில்லை. அத்தீர்மானத்தைத் தேர்தலுக்குத் தேர்தல் புதிதாகக் கேட்டுப் பெறுவதே அரசியல்வாதியின் கடமை. யோசித்து அளிப்பது வாக்காளரின் கடமை. ஒரே ஒரு வாக்கு இடம் மாறியிருந்தால் 2012இலும் 2024இலும் அவ்வூரின் முடிவே வேறாகியிருக்குமே!