கூலியாளுக்குக் கிடையாத பஸ்கா

1987 ஏப்ரல், சித்திரை பிறந்த வாரம். எனக்குப் பத்து வயசு. அப்பா அப்போது வண்டன்மேடு பக்கம் ஒரு ஏலத்தோட்டத்தில் கூலி வேலை பார்த்தார். கம்பம், கூடலூர்க்காரர்கள் விடியக்காலை ஜீப் ஏறி மலைக்குப் போய்ச் சாயங்காலம் இறங்கி விடுவார்கள். எங்களுக்குக் கடமலைக்குண்டு. தேனி வந்து, கம்பம் போய், கம்பமெட்டு ஏறி... தினமும் நடக்கிற காரியம் இல்லை. அதனால் தோட்டத்து லயத்திலேயே தங்கிக்கொள்வார். லீவு விட்டால் நானும் போய் நாலு நாள் இருப்பேன்.

முதலாளி வீடு மலையாளக் கிறிஸ்தவர்கள், அதாவது சுரியானி நஸ்ராணிகள். அந்தப் பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டு அடுப்படிக்குப் பின்னால் என்னை உட்கார வைத்து, வாழையிலையில் ஒரு வெள்ளை அப்பமும் ஒரு டம்ளர் இனிப்புப் பாலும் கொடுத்தார்கள். உள்ளே மேசையில் இன்னொரு அப்பம் இருந்தது. நடுவில் தென்னங்குருத்தில் சிலுவை செய்து வைத்திருந்தது. நான் அதைக் கை காட்டிக் கேட்டேன். "அது வேண்டாம் மோனே, அது வீட்டுக்காரங்களுக்கு" என்றார் அந்த அம்மச்சி. கோபமாக ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அது மனசில் நின்றுவிட்டது.

முப்பத்தைந்து வருசம் கழித்து, ஐ.டி. வேலைக்கு நடுவே யாத்திராகமத்தை உட்கார்ந்து படித்தபோது 12ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் சட்டென்று நின்றேன். பஸ்காவை யார் சாப்பிடக் கூடாது என்று அங்கே ஒரு பட்டியல் இருக்கிறது. அந்நியன் சாப்பிடக் கூடாது. தற்காலிகமாகத் தங்கியிருப்பவன் கூடாது. கூலியாளும் கூடாது.

எகிப்தில் அடிமைகளாகச் செங்கல் அறுத்தவர்கள் விடுதலையானதை நினைத்துச் சாப்பிடும் சாப்பாடு. அதில் கூலிக்காரனுக்கு இடமில்லையா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்காகத் தான்.

முதலில் மூலக் கதை. நிசான் மாதம் 10ஆம் நாள் ஒவ்வொரு வீடும் ஒரு வயதுள்ள, ஊனமில்லாத ஆண் குட்டி ஒன்றைப் பிடித்து வைக்க வேண்டும். செம்மறியாகவும் இருக்கலாம், வெள்ளாடாகவும் இருக்கலாம். நம்ம பாஷையில் கிடா. 14ஆம் நாள் பொழுது சாயும் நேரம் வெட்டி, ரத்தத்தை நிலைக்கால்களிலும் மேல்சட்டத்திலும் பூச வேண்டும். கறியை நெருப்பில் சுட்டு, புளிப்பில்லாத அப்பத்தோடும் கசப்புக் கீரையோடும் அன்று ராத்திரியே சாப்பிட்டு முடிக்க வேண்டும். விடியும்போது மிச்சம் இருந்தால் எரித்துவிட வேண்டும். எலும்பை முறிக்கக் கூடாது. கறியை வீட்டுக்கு வெளியே கொண்டு போகக் கூடாது. எகிப்தின் தலைப்பிள்ளைகளைச் சாகடித்துக்கொண்டு வரும் தண்டனை, ரத்தம் பூசிய வீட்டைக் கடந்து போகும். எபிரேயத்தில் பெசாக், அரமேயிக்கில் பஸ்கா. மலையாளத்துப் பெசஹா, தமிழ் பைபிளின் பஸ்கா, திண்டுக்கல் பக்கம் ஊர் ஊராகப் போடும் பாஸ்கு நாடகம் எல்லாம் இந்த ஒரே சொல்லின் பிள்ளைகள்.

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு இந்த விதிகள் எதுவும் விநோதமாகத் தெரியாது. எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்டினால் கறியை அங்கேயே சமைத்து அங்கேயே தின்று தீர்க்கணும். வீட்டுக்கு ஒரு துண்டு எடுத்து வரக் கூடாது, மிச்சத்தைக் குழி தோண்டிப் புதைக்கணும். தென் மாவட்டங்களில் பல கோயில்களில் இதே முறை தான். யாருக்குப் பங்கு என்பதிலும் கறாரான கணக்கு உண்டு. பங்காளிகளுக்குத் தான் முதல் உரிமை.

இந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் யாத்திராகமத்தின் பட்டியல் புரிகிறது. அதே அதிகாரத்தில் விலைக்கு வாங்கிய அடிமை, விருத்தசேதனம் செய்திருந்தால், சாப்பிடலாம் என்று வருகிறது. அடிமைக்கு உண்டு, கூலியாளுக்குக் கிடையாது! முதலில் தலைகீழாகத் தெரிந்தது. ஆனால் அங்கே அளவுகோல் கூலி இல்லை, வீடு. அடிமை அந்த வீட்டு ஆள் என்று கணக்கு. கூலியாள் சாயங்காலம் சம்பளம் வாங்கிக்கொண்டு போய்விடுகிற வேறு வீட்டுக்காரன். வீடு சின்னதாக இருந்து ஒரு கிடாயைத் தின்று முடிக்க ஆள் போதாவிட்டால் பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. பிற இனத்தான் விருத்தசேதனம் செய்துகொண்டால் அவனும் ஊர்க்காரன் தான், ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம். ரத்தம் பூசிய நிலைக்கு உள்ளே இருப்பவன் யார் என்பது தான் கேள்வி. எங்கள் அப்பா இருந்தது லயத்தில். அந்த நிலை வேறு.

கி.பி. 70இல் ரோமர்கள் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். அதற்கு முன்பே கிடாயை ஊர் ஊராக வெட்டக் கூடாது, ஆலயத்தில் தான் என்று ஆகியிருந்தது. ஆலயம் போனதும் கிடா நின்றது. இன்றைக்கும் வெட்டுபவர்கள் கெரிசீம் மலையில் உள்ள சமாரியர்கள் மட்டும் தான். யூதர்கள் அந்த விருந்தைக் கிடாயே இல்லாமல் மறுபடி கட்டினார்கள். கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட மிஷ்னாவில் அதன் அமைப்பு ஏறக்குறைய இருக்கிறது. நாலு கோப்பை திராட்சை ரசம், புளிக்காத மட்ஸா, கசப்புக் கீரை, கதை சொல்லல். இதற்கு செடர் என்று பெயர். 'வரிசை' என்று பொருள். தட்டில் ஒரு சுட்ட எலும்பை மட்டும் வைத்திருப்பார்கள், இல்லாத கிடாயின் அடையாளமாக. கண்ணீருக்கு உப்புத் தண்ணீர், செங்கல் சாந்துக்குப் பழமும் கொட்டைகளும் சேர்த்து அரைத்த விழுது. வீட்டில் ஆகச் சின்ன பிள்ளை "இந்த ராத்திரி மட்டும் ஏன் வேற மாதிரி இருக்கு?" என்கிற பொருளில் கேள்வி கேட்க வேண்டும். பெரியவர்கள் பதில் சொல்ல வேண்டும். கேள்வி இல்லாமல் அந்தச் சாப்பாடு நடக்காது.

எனக்கு முக்கியமாகப் பட்டது கதை தொடங்கும் இடம். மட்ஸாவைத் தூக்கிக் காட்டி, இது எங்கள் முன்னோர் எகிப்தில் தின்ற ஏழை அப்பம், பசித்த எவரும் வந்து சாப்பிடலாம் என்று அழைக்கிறார்கள். எபிரேயத்தில் இல்லை, அந்தக் காலத்துப் பேச்சு மொழியான அரமேயிக்கில். யாத்திராகமத்தில் வேலி, இங்கே அழைப்பு. என் யூகம் இது தான்: வேலி கிடாயைச் சுற்றி இருந்தது. கிடா போனதும் வேலிக்கு வேலை இல்லாமல் போனது. மிச்சம் இருந்தது அப்பமும் கதையும். அதை யாருக்கும் கொடுக்கலாம்.

அப்பத்தைப் பற்றி ஒரு கிளைக்கதை, இட்லி மாவு அரைக்கிற ஊர்க்காரன் என்பதால் விட மனசில்லை. பஸ்கா வாரத்தில் யூத வீட்டில் புளித்தது எதுவும் இருக்கக் கூடாது. மாவில் தண்ணீர் பட்டதிலிருந்து 18 நிமிடத்துக்குள் மட்ஸா அடுப்பில் இருக்க வேண்டும். முதல் நாள் ராத்திரி விளக்கு ஏந்தி மூலை முடுக்கெல்லாம் துணுக்கு தேடுவார்கள். சரி, அரிசி மாவு? தல்மூதில் இது பெரிய விவாதம். கோதுமை, பார்லி போன்ற ஐந்து தானியங்கள் தான் 'புளிக்கும்', அரிசி புளிப்பதில்லை, 'கெட்டுப் போகிறது' என்று முடிவு. யோகனான் பென் நூரி என்ற ஒருவர் மட்டும் அரிசியும் தானியம் தான் என்று வாதாடித் தோற்றார். நம்ம தோசை மாவு அவர்கள் கணக்கில் கெட்டுப் போன மாவு! கொங்கண் கரையில் இருந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் வெளி யூதர்களோடு தொடர்பு அறுந்து நூல்களையெல்லாம் மறந்த பிறகும், வருசத்தில் சில நாள் வீட்டுப் புளிப்புச் சாற்றுப் பானையை மூடி வைக்கும் ஒரு பண்டிகையை விடாமல் வைத்திருந்தார்கள். பெயரே 'பானை மூடும் பண்டிகை' என்கிற மாதிரி தான். காரணம் மறந்து போச்சு, மூடி மட்டும் மறக்கவில்லை.

இனி கிறிஸ்தவப் பக்கம். மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் இயேசுவின் கடைசி இராப்போஜனத்தைப் பஸ்கா விருந்தாகவே சொல்கிறார்கள். யோவான் அப்படிச் சொல்லவில்லை. அவர் கணக்கில் பஸ்கா சாப்பிடுவதற்கு முன்பே, ஆலயத்தில் ஆடுகள் வெட்டப்படுகிற அன்றே இயேசு சிலுவையில் சாகிறார், அவர் எலும்பும் முறிக்கப்படவில்லை. இந்த ஒரு நாள் வித்தியாசத்தைச் சரிக்கட்ட எழுதப்பட்ட புத்தகங்களை அடுக்கினால் ஒரு அலமாரி பத்தாது. எனக்கு யோவான் என்ன சொல்ல வருகிறார் என்பது தெளிவு: கிடா இவர் தான். பவுலும் கிறிஸ்துவை நேரடியாகவே நமது பஸ்கா என்கிறார்.

விளைவைப் பாருங்கள். யூதர்கள் கிடாயை இழந்து அப்பத்தை வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர்கள் அப்பத்துக்குள்ளேயே கிடாயைத் திரும்பக் கொண்டு வந்தார்கள். உடனே வேலியும் திரும்ப வந்தது. மிகப் பழைய திருச்சபைக் கையேடான திதாகேயில் ஞானஸ்நானம் பெறாதவர்கள் நற்கருணை சாப்பிடக் கூடாது என்று இருக்கிறது. சாப்பாடும் வீட்டு மேசையிலிருந்து கோயில் பீடத்துக்கு நகர்ந்தது. புளித்த அப்பமா புளிக்காததா என்பதில் கிழக்கும் ரோமும் சண்டை போட்டு, 1054 பிளவில் அதுவும் ஒரு காரணமானது.

நஸ்ராணிகள் கோயிலில் நடப்பதை நடத்திவிட்டு, வீட்டு மேசையையும் விடவில்லை. பச்சரிசி மாவும் கொஞ்சம் உளுந்தும் தேங்காயும் சேர்த்து, புளிக்க விடாமல் உடனே ஆவியில் வேக வைப்பது பெசஹா அப்பம். தேங்காய்ப்பாலில் வெல்லமும் ஏலமும் சுக்கும் போட்டுக் காய்ச்சுவது பெசஹா பால். குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் கொடுத்த ஓலையில் சிலுவை செய்து ஒரு அப்பத்தின் மேல் வைப்பார்கள். ராத்திரி ஜெபம் முடிந்து குடும்பத் தலைவர் அதை வெட்டி, மூத்தவரிலிருந்து வரிசையாகக் கொடுப்பார். அந்த வருசம் சாவு விழுந்த வீட்டில் அப்பம் செய்வதில்லை. அக்கம்பக்கத்தார் கொண்டு வந்து கொடுப்பார்கள். சிலுவை வைத்த அப்பம் குடும்பத்துக்கு மட்டும், மற்றது யாருக்கும் என்று பல வீடுகளில் வழக்கம். இது யூதர்களிடமிருந்து நேராக வந்ததா என்று கேரளத்தில் வாதம் ஓடிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அதைவிடப் பெரிய விஷயம், ஒரே அடுப்பில் ரெண்டு அப்பம் வேகிறது என்பது. ஒன்று கிடா, ஒன்று ஏழை அப்பம். 1987இல் என் கைக்கு வந்தது ரெண்டாவது.

நம்ம மலைக்கு இந்தப் பக்கம் வேலி வேறு மாதிரி. பவுல் கொரிந்துச் சபையைத் திட்டி எழுதியதே, ஒருத்தன் வயிறு முட்டத் தின்ன இன்னொருத்தன் பசியோடு நிற்கிறான் என்பதற்காக. தமிழ்நாட்டில் அது சாதி. ஒரே கிண்ணத்தில் யார் முதலில் குடிப்பது, யார் எங்கே உட்காருவது என்று சபைகள் பிரிந்து கிடந்தன. 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் தென்னிந்தியச் சபைகளில் சாதி உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார், தஞ்சாவூரில் பெரிய கலகமே ஆனது. 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், 1847இல் ஒரு சோதனை வைத்தது. அப்போது நம்ம கம்பம் பள்ளத்தாக்கும் மதுரை ஜில்லா தான். சாதியை விட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, எந்தச் சாதியார் சமைத்ததையும் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்ட வேண்டும். 'அன்பின் விருந்து' என்று அதற்குப் பெயர். பலர் சாப்பிட மாட்டோம் என்று எழுந்து போனார்கள். வெள்ளைக்காரன் பந்தி வைத்து மனசைச் சோதித்தது சரியா என்று எனக்கு இன்னும் ஒரு நெருடல் உண்டு. ஆனால் யாத்திராகமத்தின் வேலியிலாவது ஒரு வாசல் இருந்தது, உள்ளே வருபவனுக்கும் ஒரே சட்டம் என்றிருந்தது. ஞானஸ்நானம் வாங்கிய பிறகும் தட்டு தனி என்பதற்கு எந்த அதிகாரமும் கிடையாது.

2024இல் ஒரு வேடிக்கை. பெசஹா வியாழன் மார்ச் 28. யூதர்களின் செடர் ஏப்ரல் 22 ராத்திரி. கிட்டத்தட்ட ஒரு மாத இடைவெளி, ஏனென்றால் யூதப் பஞ்சாங்கத்தில் 19 வருசத்துக்கு 7 அதிக மாதம், அந்த வருசம் ஒன்று விழுந்தது. செடருக்கு மறுநாள் சித்ரா பௌர்ணமி. குமுளியிலிருந்து ஜீப்புகள் கண்ணகி கோயிலுக்கு ஏறிக்கொண்டிருந்தன. ஒரே நிலா தான்.

அந்த மார்ச் 28ஆம் தேதி மகளைக் கூட்டிக்கொண்டு வண்டன்மேடு போனேன். அம்மச்சி இல்லை, முதலாளியும் இல்லை. அவர் மகன் எங்களை உள்ளே கூப்பிட்டு மேசையில் உட்கார வைத்தார். ஆளுக்கு ஒரு அப்பம், பால். நடுவில் ஓலைச் சிலுவையோடு இன்னொன்று. மகள் அதைக் கை காட்டி, "அது ஏன் நமக்கு இல்ல?" என்று என்னிடம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே கத்தியை எடுத்தார். நான் தான், "வேண்டாம், உங்க வீட்டு முறைப்படியே நடக்கட்டும்" என்றேன். கம்பமெட்டு இறங்கும்போது, நம்ம குலசாமிக் கறியில் அவளுடைய ஸ்கூல் சிநேகிதிக்குப் பங்கு கொடுக்கலாமா என்று கேட்டாள். பங்காளிகளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் கேட்கவில்லை.