மோட்டார் வண்டியின் ரயர்: விலையும் உழைப்பும்

மோட்டார் வண்டி ஒன்றை வாங்க விரும்புவோர் அதன் இயந்திரத்தை ஆராய்வர், நிறத்தை நோக்குவர், ஒரு லீற்றர் பெற்றோலுக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடும் என வினவுவர். ஆனால், குனிந்து ரயர்களைப் பார்ப்போர் மிகச் சிலரே. வண்டிக்கும் வீதிக்கும் உள்ள உறவு முழுவதும் அந்நான்கு ரயர்களினாலேயே ஏற்படுகின்றது. இயந்திரம் எத்துணை வலியதாயினும், பிறேக் எத்துணை புதியதாயினும், அவற்றின் ஆற்றல் ரயரின் வழியாகவே வீதியைச் சென்றடைதல் வேண்டும்.

அவ்வாறு வீதியைத் தொடும் இடம் எவ்வளவு? பௌதிகம் பயிலும் மாணவர் இதனை எளிதிற் கணித்தறியலாம். ஆட்களுடன் 1,100 கிலோகிராம் நிறையுள்ள சிறிய காரொன்றில் ஒவ்வொரு ரயரும் ஏறத்தாழ 275 கிலோகிராம் பாரத்தைத் தாங்குகின்றது. ரயரின் உள்ளே காற்றமுக்கம் சதுர அங்குலத்துக்கு 33 இறாத்தல் எனின், அது சதுர சென்ரிமீற்றருக்கு ஏறத்தாழ 2.3 கிலோகிராம் ஆகும். பாரத்தை அமுக்கத்தாற் பிரித்தால் வருவது சுமார் 120 சதுர சென்ரிமீற்றர். அஃதாவது ஒரு மனிதரின் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கைகளின் பிடியிலேயே குடும்பம் முழுவதும் வீதியில் விரைகின்றது.

2022ஆம் ஆண்டில் இலங்கை ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபின், பிற பொருள்களைப் போல ரயரின் விலையும் வெகுவாக ஏறிற்று. அதன் பயனாகத் தேய்ந்த ரயரை இன்னும் சில மாதம் ஓட்டுவோம் என்ற எண்ணமும், பாவித்த ரயரை மலிவாக வாங்குவோம் என்ற எண்ணமும் பலரிடம் குடிகொண்டன. சிக்கனம் வேண்டற்பாலதே. எனினும், எது சிக்கனம், எது சிக்கனத்தின் வேடம் பூண்ட நட்டம் என்பதை அறிந்துகொள்ளல் அவசியம். ரயரின் பெறுமதி அது ஓடும் தூரத்தினாலும், நனைந்த வீதியில் அது வண்டியை நிறுத்தும் திறத்தினாலும் அளக்கப்படுவது. அத்தூரத்தின் பெரும்பகுதியோ, வண்டியை வைத்திருப்பவரின் கவனத்தைப் பொறுத்துள்ளது. இவ்விரு உண்மைகளையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ரயரின் வரலாறும் அமைப்பும்

இயற்கை இறப்பர் வெயிலிற் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கின் உறுதியும் மீள்தன்மையும் பெறும் என்பதை 1839ஆம் ஆண்டில் அமெரிக்கரான சாள்ஸ் குட்இயர் கண்டார். 1888ஆம் ஆண்டில் பெல்பாஸ்ற் நகரத்து மிருக வைத்தியரான ஜோன் பொயிட் டன்லொப், தம் மகனின் முச்சில்லு வண்டிக்கெனச் செய்த காற்றடைத்த ரயருக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். றொபேட் தொம்சன் என்பவர் 1845ஆம் ஆண்டிலேயே இத்தகைய ரயருக்கு உரிமை பெற்றிருந்தாராயினும், உலகிற் பரவியது டன்லொப்பின் ரயரே.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. பிரேசிலிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட இறப்பர் விதைகள் இங்கிலாந்தின் கியூ பூங்காவில் முளைப்பிக்கப்பட்டு, 1876ஆம் ஆண்டில் சுமார் 1,900 கன்றுகள் இலங்கைக்கு அனுப்பப்பட்டன. கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் அவை நடப்பட்டன. கீழைத்தேய இறப்பர்த் தோட்டங்களின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று.

தூய இறப்பர் வெளிறிய நிறமுடையது. 1910ஆம் ஆண்டை அடுத்த காலத்திலிருந்து காபன் கரித்தூள் இறப்பருடன் பெருவழக்காகக் கலக்கப்பட்டமையால் ரயர் கருமை பெற்றது; அதனுடன் தேய்வைத் தாங்கும் வலிமையும் பன்மடங்கு பெற்றது. அடுத்த பெருமாற்றம் 1946ஆம் ஆண்டில் மிசலின் நிறுவனம் உரிமை பெற்று, 1949இல் விற்பனைக்கு விட்ட ‘றேடியல்’ ரயர். பழைய ரயர்களின் உள்ளிழைகள் ஒன்றையொன்று குறுக்காக வெட்டிச் சென்றன. பக்கச்சுவர் நெளியுந்தோறும் வீதியைத் தொடும் பகுதியும் உடன் நெளிந்து உராய்ந்து தேய்ந்தது. றேடியலில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்கின்றன. அவற்றின் மேல் உருக்குப் பட்டிகள் இறுக்கமாகச் சுற்றப்பட்டுள்ளன. பக்கச்சுவர் தாராளமாக நெளிய, மேற்பகுதி தட்டையாக வீதியிற் படிகின்றது. சூடும் குறைவு, தேய்வும் குறைவு. இன்றைய கார்களுக்கு விற்கப்படும் ரயர்கள் ஏறக்குறைய யாவும் இவ்வகையினவே.

பக்கச்சுவரிற் பொறித்த எழுத்துக்கள்

ரயரின் வரலாறும் தகுதியும் அதன் பக்கச்சுவரிலேயே எழுதப்பட்டுள்ளன. இந்நாட்டு வீதிகளிற் பெருகிக் காணப்படும் சிறிய ஜப்பானியக் கார்கள் சிலவற்றின் ரயரில் ‘155/65 ஆர் 14 75 எஸ்’ எனப் பொறித்திருக்கும். 155 என்பது ரயரின் அகலம், மில்லிமீற்றரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 65 என்பதைக் காட்டும். ஆர் என்னும் ஆங்கில எழுத்து றேடியலைக் குறிக்கும். 14 என்பது றிம்மின் விட்டம், அங்குலத்தில். 75 என்பது பாரச் சுட்டெண். அட்டவணைப்படி ஒரு ரயர் 387 கிலோகிராம் தாங்கும் என்பது அதன் பொருள். எஸ் என்னும் எழுத்து மணிக்கு 180 கிலோமீற்றர் என்னும் வேக எல்லையைக் குறிக்கும்.

வண்டிக்கு உரிய அளவும் காற்றமுக்கமும் சாரதியின் பக்கத்துக் கதவுநிலையில் ஒட்டப்பட்டிருக்கும். பாரச் சுட்டெண்ணும் வேக எழுத்தும் அங்கே விதித்ததிலும் குறைந்த ரயரை, எவ்வளவு மலிவாயினும், வாங்குதல் ஆகாது.

மற்றொரு குறி மிக முக்கியமானது. டி, ஓ, ரி என்னும் மூன்று ஆங்கில எழுத்துக்களுடன் தொடங்கும் தொடரின் இறுதியில் நான்கு இலக்கங்கள் உண்டு. முதலிரண்டும் ஆண்டின் வாரத்தையும், பின்னிரண்டும் ஆண்டையும் குறிக்கும். 1424 எனின் 2024ஆம் ஆண்டின் 14ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது பொருள். கடையிற் பளபளக்கும் ரயர் நான்காண்டு கிடந்ததாகவும் இருக்கலாம். சில ரயர்களில் இவ்விலக்கம் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும். ஆதலாற் பூட்டுமுன் இருபுறமும் திருப்பிப் பார்த்தல் நன்று.

நீடித்து உழைப்பது எது?

அமெரிக்க விதிகளின்படி செய்யப்பட்ட ரயர்களில் ‘ட்றெட்வெயர்’ என்ற சொல்லும் ஓர் எண்ணும் காணப்படும். சோதனை வீதியில் ஓட்டப்படும் ஒப்பீட்டு ரயருக்கு 100 என்று எண் இட்டு, அதனோடு ஒப்பிட்டுத் தரப்படுவது இது. 400 எண்ணுள்ள ரயர் அச்சோதனையில் நான்கு மடங்கு நீடிக்கும் எனக் கணிக்கப்பட்டது. ஆயின், இவ்வெண்ணை இடுபவர் உற்பத்தியாளரே. ஆகையால், ஒரே நிறுவனத்தின் இரு ரயர்களை ஒப்பிட இது பெரிதும் உதவும். வெவ்வேறு நிறுவனங்களின் ரயர்களை ஒப்பிடுகையில் முழுதும் நம்பத்தக்கதன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டும். கடினமான இறப்பர் மெல்லத் தேயும்; ஆனால் நனைந்த வீதியிற் பிடிமானம் குறையலாம். மென்மையான இறப்பர் நன்கு பிடிக்கும், விரைவில் தேயும். நல்ல நிறுவனங்கள் கலவையைத் திருத்தி இவ்விரண்டையும் ஓரளவு ஒருங்கே தருகின்றன. விலைவேறுபாட்டின் ஒரு பகுதி அதற்கே உரியது. எனவே அமெரிக்கக் குறிகளில் தேய்வெண்ணின் அருகே உள்ள ‘றக்ஷன்’ எழுத்தையும் நோக்குக. ஈர வீதியிற் பிடிக்கும் ஆற்றலைக் காட்டும் அது, இரட்டை ஏ, ஏ, பி, சி என இறங்கும். சி எழுத்துடைய ரயர் எத்தனை ஆண்டு உழைப்பினும் நம் மாரிகால வீதிகளுக்கு உகந்ததன்று.

இனிக் கணக்குக்கு வருவோம். உதாரணமாக, ஒரு ரயர் 20,000 ரூபா. 25,000 கிலோமீற்றர் ஓடும். மற்றொன்று 30,000 ரூபா. 50,000 கிலோமீற்றர் ஓடும். முன்னையதற்குக் கிலோமீற்றர் ஒன்றுக்கு 80 சதம். பின்னையதற்கு 60 சதம். வாடகை வண்டி ஓட்டுபவருக்கும், யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர் அடிக்கடி சென்று வருபவருக்கும் விலை கூடியதே மலிவானது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கடைக்கும் கோயிலுக்குமாக ஆண்டுக்கு 5,000 கிலோமீற்றர் மட்டுமே ஓடுகின்றார் எனக் கொள்வோம். அவர் ஆறாண்டுடன் ரயரை மாற்றுவாராயின், 50,000 கிலோமீற்றர் ஓடக்கூடிய ரயரும் அவருக்கு 30,000 மட்டுமே உழைக்கும். கிலோமீற்றருக்கு ஒரு ரூபா விழும். 25,000 கிலோமீற்றர் ரயரோ ஐந்தாண்டில் முழுவதும் பயன்பட்டு 80 சதத்துடன் முடியும். ஈரப் பிடிமானம் இரண்டிலும் சமமாயின், அவர் நடுத்தர விலை ரயரை வாங்குதலே அறிவு. ஆண்டுக்கு எவ்வளவு ஓடுகின்றோம் என்பதை அறியாமல் ரயரைத் தெரிவுசெய்தல், அளவெடாமல் சட்டை தைப்பதை ஒக்கும்.

ஓடாத ரயரும் மூப்படையும். காற்றிலுள்ள ஓசோனும் வெயிலும் இறப்பரை வெடிக்கச் செய்கின்றன. இதனைத் தடுக்கச் சேர்க்கப்படும் மருந்துப் பொருள்கள் ரயர் உருண்டு நெளியும்போதே மேற்பரப்புக்கு வருகின்றன. ஆதலால், மாதக்கணக்கில் நிறுத்திவைத்த காரின் ரயர், தவாளிப்புக் குறையாதிருந்தும் பக்கச்சுவரில் நுண்ணிய வெடிப்புக் கொள்ளும். ஐந்தாண்டு கடந்த ரயரை ஆண்டுதோறும் தேர்ந்த ஒருவரிடம் காட்டுதலும், பத்தாண்டுக்கு மேல் எக்காரணங்கொண்டும் பாவியாதிருத்தலும் உற்பத்தியாளர் பலர் கூறும் விதி. வெளிநாடுகளிற் கழித்து இங்கு விற்கப்படும் பாவித்த ரயர்களின் குறை இதுவே: தவாளிப்பு எஞ்சியிருக்கும், ஆயுள் எஞ்சியிராது. உள்ளே ஒட்டிய காயத்தையும் வாங்குபவர் அறியார். ‘றீபில்ட்’ செய்த ரயரோ வேறு. நல்ல உடலைத் தேர்ந்து புதிய மேற்பட்டை வார்த்தால் அது லொறிக்கும் பஸ்ஸுக்கும் நன்கு உழைக்கும். விரைந்தோடும் சிறு காருக்குப் புதிய ரயரே தக்கது.

வாங்கியபின் செய்யவேண்டியவை

இத்துணை ஆராய்ந்து வாங்கிய ரயரையும் கவனக்குறைவு சில மாதங்களிற் கெடுத்துவிடும். ரயரின் முதற் பகை குறைந்த காற்று. காற்றுக் குறைந்தால் பக்கச்சுவர் மிகுதியாக நெளியும், நெளிவு வெப்பமாகும், வெப்பம் இழைகளுக்கும் இறப்பருக்கும் உள்ள பிணைப்பைத் தளர்த்தும். வன்னிப் பெருவெளியின் நண்பகல் வெயிலில், பாரம் ஏற்றிய வான் நெடுந்தூரம் விரைந்தோடும்போது ரயர் வெடிப்பதற்கு இது முதன்மையான காரணங்களுள் ஒன்று. குற்றமற்ற ரயரும் மாதத்துக்குச் சதுர அங்குலத்துக்கு ஓர் இறாத்தல் அளவு காற்றை இழக்கும். மாதம் இருமுறை, காலையில் வண்டி ஓடுமுன், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளத்தல் வேண்டும். ஓடிச் சூடேறிய ரயரில் அமுக்கம் கூடிக் காட்டும். அதைக் கண்டு காற்றைத் திறந்துவிடுதல் பெருந்தவறு. மேலதிகச் சில்லையும் மறவாதீர்.

இரண்டாவது பகை மிகுந்த பாரம். அளவு கடந்த பாரத்தால் அச்சு முறியும் உவமையைத் திருவள்ளுவர் ‘வலியறிதல்’ அதிகாரத்தில் வைத்தார்; இன்று அச்சுக்கு முன்னரே ரயர் முறிந்துவிடுகின்றது.

ரயர் தேயும் முறை அதன் நோயைச் சொல்லும். இரு ஓரமும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று மிகுதி. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சில்லுகளின் நேர்ச்சீர் பிழை. பள்ளமும் மேடுமாகத் தேய்ந்தால் அதிர்வு தாங்கிகளின் தளர்ச்சி அல்லது சில்லின் சமநிலைக் கேடு. நோயைத் தீர்க்காமல் ரயரை மட்டும் மாற்றின், புதியதும் அவ்வழியே செல்லும். முன்சில்லுகளால் இயங்கும் கார்களில் முன் ரயர்கள் விரைவில் தேய்வதால், ஏறத்தாழ 8,000 முதல் 10,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அவற்றை நேரே பின்னுக்கும், பின் ரயர்களை வலம் இடம் மாற்றி முன்னுக்கும் பூட்டுதல் நன்று. ஒருபுறமாகவே உருளுமாறு அம்புக்குறி இடப்பட்ட ரயர்களை வலம் இடம் மாற்றலாகாது.

இரு ரயர் மட்டும் புதிதாக வாங்க நேரின், அவற்றைப் பின்னாற் பூட்டுக. பலர் முன்னாற் பூட்டுவர். முன் ரயர் வழுக்கினால் வண்டி நேரே செல்லும். சாரதி வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம். பின் ரயர் வழுக்கினாலோ வண்டி சுழன்றுவிடும். அதனைச் சமாளிப்போர் அரியர்.

எப்பொழுது கழிப்பது?

புதிய ரயரில் தவாளிப்பு ஏறத்தாழ 8 மில்லிமீற்றர் ஆழம் இருக்கும். அதன் அடியில் 1.6 மில்லிமீற்றர் உயரத்தில் குறுக்கே சிறு மேடுகள் உண்டு. மேற்பரப்பு அம்மேடுகளுடன் சமமாகும்போது ரயரின் காலம் முடிந்தது. தவாளிப்பின் தொழில் நீரை வெளியேற்றுதல். அது ஆழமற்றதாயின், நீர் வெளியேற வழியின்றி ரயருக்கும் வீதிக்கும் இடையே படலமாகப் பரவும்; வண்டி நீர்மேல் மிதக்கும்; பிறேக்கும் திருப்பமும் பயனற்றுப்போம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வீதியெங்கும் நீர் நிற்கும் வடக்கிலும் கிழக்கிலும் இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. ஆதலால், 3 மில்லிமீற்றர் அளவில், மாரி தொடங்குமுன்னரே மாற்றிவிடுதல் விவேகம். பக்கச்சுவரில் வீக்கமோ வெட்டோ கண்டால் தவாளிப்பு எவ்வளவு இருப்பினும் உடனே கழித்தல் வேண்டும். பஞ்சர் ஒட்டும் கடையில் அதற்கு மருந்தில்லை.

குளிர்நாடுகளில் வாழும் பழைய மாணவர்க்கு ஒரு சொல்: வெப்பநிலை 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும்போது கோடைகால ரயரின் இறப்பர் விறைத்துப் பிடிமானம் இழக்கும். மலையும் பனித்துகளும் பொறித்த ரயர்களை அக்காலத்துக்கெனத் தனியே வைத்திருப்பது செலவன்று; ஒரு சோடி ஓய்வெடுக்க மறு சோடி உழைக்கும்.

மாணவர்காள்! நீவிர் கற்கும் அமுக்கமும் உராய்வும் வெப்பமும் பரீட்சைத் தாளுடன் முடிவன அல்ல. வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் சில்லிலும் அவை குடியிருக்கின்றன. காற்றளக்கும் கருவி ஒன்றை வாங்கி, அடுத்த ஞாயிறு காலையில் தந்தையாரின் வண்டியை அளந்து பாருங்கள். கதவுநிலையில் எழுதிய எண்ணுக்கும் கருவி காட்டும் எண்ணுக்கும் வேறுபாடு இருப்பின், அதனை அன்றே திருத்துங்கள். அக்கருவியின் விலை ஒரு ரயரின் விலையிற் சிறு பகுதியே. அது காப்பதோ வண்டியில் ஏறியிருப்போர் அனைவரையும்.