பழைய கம்ப்யூட்டரைப் புதுப்பிக்கலாமா?



பல்லாண்டுகள் உழைத்துக் களைத்த கம்ப்யூட்டர் ஒன்று இன்று அநேக இல்லங்களில் இருக்கின்றது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் அருந்தி வந்த பின்னரும் திரை திறவாதபோது, உள்ளிருக்கும் பாகங்களையெல்லாம் மாற்றிவிடலாமா என்னும் எண்ணம் எழுவது இயல்பே. பணத்தை எடுத்து வைக்குமுன் சற்று நிதானித்துச் சிந்திப்போம்.

எங்கள் மதரஸாவின் கம்ப்யூட்டர் 2014ஆம் ஆண்டு வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3 பிராஸஸர், 4 ஜி.பி. ரேம். மாணவர் பதிவேடும் நன்கொடைக் கணக்கும் அதில்தான் உள்ளன. பழுது பார்க்க வந்தவர், "பிராஸஸர், மதர்போர்டு, ரேம் மூன்றையும் மாற்றுங்கள்" என்றார். முத்தவல்லி அவர்களோ, "ஹஜ்ரத், இது ஊரார் கொடுத்த பணம். ஏன் செலவழித்தீர்கள் என்று ஒருவர் கேட்டால் நம்மிடம் பதில் இருக்க வேண்டும்" என்றார்கள். அந்தப் பதிலைத் தேடியபோது அறிந்தவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

ஏன் மூன்றையும் சேர்த்து?

பிராஸஸர் அமரும் சாக்கெட் சில தலைமுறைகளுக்கு ஒருமுறை மாறுகின்றது. எங்களுடையது எல்.ஜி.ஏ. 1150. புதிய பிராஸஸர் அதில் அமராது. ஆகவே மதர்போர்டும் மாற வேண்டும். புதிய போர்டில் பழைய டி.டி.ஆர்.3 ரேம் பொருந்தாது. எனவே அதுவும் மாற வேண்டும். ஒன்றைத் தொட்டால் மூன்றுக்கும் செலவு. ஆறாம், ஏழாம் தலைமுறைப் போர்டுகளின் சாக்கெட்டும் எட்டாம் தலைமுறையின் சாக்கெட்டும் 1151 என்றே பெயர் பெற்றிருப்பினும், அப்பழைய போர்டுகள் எட்டாம் தலைமுறையை ஏற்பதில்லை. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 போர்டுகள் ஒரு விதிவிலக்கு. பி450 போன்ற போர்டில், பயாஸைப் புதுப்பித்தபின் ரைசன் 5000 வரிசைப் பிராஸஸரை மட்டும் வாங்கிப் பொருத்தலாம்.

தாமதம் எங்கே?

கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் பொத்தான்களை ஒருங்கே அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் தோன்றும். எங்கள் கம்ப்யூட்டர் திணறிய வேளையில் பிராஸஸர் ஏறத்தாழ ஓய்வாகவே இருந்தது, டிஸ்க் 100 சதவீதத்தில் நின்றது, ரேமும் நிறைந்திருந்தது. நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒவ்வொரு கோப்பையும் முனை ஒன்று நகர்ந்து தேடியெடுக்க வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. பழைய போர்டின் சாட்டா இணைப்பிலேயே அதனைப் பொருத்தலாம். ஆக, குற்றமற்ற பிராஸஸருக்குத் தண்டனை கொடுக்க இருந்தோம்!

மறுபக்கமும் உண்டு

வேகம் திரும்பினாலும் பாதுகாப்பு திரும்புவதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்தது. விண்டோஸ் 11, இன்டெல் பிராஸஸர்களில் பொதுவாக எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கின்றது, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதியையும் கேட்கின்றது. பிள்ளைகளின் விவரங்களும் பிறர் கணக்கும் உள்ள கம்ப்யூட்டரைப் பாதுகாப்பின்றி இணையத்தில் இணைப்பது அமானிதத்திற்கு அழகன்று.

ஆகவே கணக்குகளை வேறொரு டிஸ்க்கில் முதலில் நகலெடுத்தோம். எஸ்.எஸ்.டி.யும் கூடுதல் ரேமும் பொருத்தி, இலவசமாகக் கிடைக்கும் உபுண்டுவையும் லிப்ரே ஆபீஸையும் நிறுவினோம். பழகச் சில நாட்கள் சிரமப்பட்டோம். அல்ஹம்துலில்லாஹ், கடிதமும் கணக்கும் இப்போது தடையின்றி நடக்கின்றன.

எல்லோருக்கும் இதுவே வழி என்று கூறமாட்டேன். வீடியோ தொகுப்போர், விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருளை நம்பித் தொழில் செய்வோர், வேலையின்போது பிராஸஸரே 100 சதவீதத்தில் நிற்கக் காண்போர் ஆகியோருக்கு மூன்றையும் மாற்றுவது வீண்செலவாகாது. அவர்களும் பழைய எஸ்.எம்.பி.எஸ். தாங்குமா என்று பார்க்கட்டும். பயன்படுத்திய எட்டாம் தலைமுறைக் கம்ப்யூட்டரின் முழு விலையோடு ஒப்பிட்ட பின் முடிவு செய்யட்டும்.

வீண்விரயமும் கஞ்சத்தனமும் நம் மார்க்கம் விரும்பாதவை. இரண்டிற்கும் நடுவே நிற்கப் பல வேளைகளில் ஒரு கேள்வி போதும்: "இதற்கு என்ன வேலை இருக்கின்றது, அவ்வேலை எங்கே தடைப்படுகின்றது?" பதில் கிடைத்தபின் கடைக்குச் செல்லுங்கள். அல்லாஹ் நம் பொருளில் பரக்கத் செய்வானாக! ஆமீன்.