முன்பணம் கொடுக்குமுன் பில்டரிடம் கேளுங்கள்!

மாலை நேரக் கல்யாண் லோக்கலில் நம்மவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு இரண்டு விஷயங்களில்தான் வந்து நிற்கும். ஒன்று ஊர். மற்றொன்று வீடு. "அம்பர்நாத்தில் ரூம்-கிச்சன் என்ன விலை சொல்கிறான்?" என்று ஆரம்பிப்பார் ஒருவர். தானே வருவதற்குள் எல்லோரும் பெருமூச்சு விட்டிருப்பார்கள்.

என்னுடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் 2014-ல் பிராவிடண்ட் பண்டில் எடுத்த 4 லட்சம் ரூபாயை ஒரு பில்டரிடம் கொடுத்தார். கையில் கிடைத்தது வெறும் ரசீது. "கோயிலுக்கு நன்கொடை தருகிறார், பூமி பூஜையன்று அன்னதானம் போட்டார். தர்மவான்!" என்றார் நண்பர். அந்த இடத்தில் இன்றும் நான்கு தூண்கள்தான் நிற்கின்றன.

அன்னதானம் நல்லதுதான். ஆனால் வீடு கட்டுகிறவரின் முதல் தர்மம் வேறு.

பணம் எங்கே?

2016-ல் வந்த 'ரெரா' சட்டம் மகாராஷ்டிரத்தில் 2017 மே 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. வீடு வாங்குவோரிடம் வசூலிக்கும் பணத்தில் 70 சதவீதத்தைப் பில்டர் தனி வங்கிக் கணக்கில் போட வேண்டும். அந்தக் கட்டடத்துக்கும் நிலத்துக்கும் மட்டுமே அதைச் செலவிடலாம். ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. ஆகவே முதல் கேள்வி: "உங்கள் ரெரா பதிவு எண் என்ன?"

ஏழைக்கு இடம் உண்டா?

4,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளில் 20 சதவீதத்தைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று 2013-ல் மாநில அரசு பெரிய நகரங்களுக்கு விதி செய்தது. தானே, கல்யாண் பக்கம் இப்படிக் கிடைக்கும் வீடுகளை 'மஹாடா'வின் கொங்கண் வாரியம் குலுக்கல் முறையில் கொடுக்கிறது. டொமிசைல் சான்று இல்லாமல் விண்ணப்பிக்க இயலாது. பல ஆண்டுகளாக இங்கே இருந்தும் அதை வாங்காத நம்மவர்கள் அநேகம். இன்றே வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

கட்டுகிறவர் கதி என்ன?

சாரத்தில் நிற்பவர்களிலும் நம் ஊர்க் கொத்தனார்கள், சித்தாள் பெண்கள் உண்டு. கட்டடச் செலவில் 1 சதவீதம் தொழிலாளர் நலனுக்குத் தீர்வையாகக் கட்ட வேண்டும் என்பது 1996-ல் வந்த ஏற்பாடு. நல வாரியத்தில் பதிவு செய்த தொழிலாளிக்கே அதன் பலன் கிட்டும். 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொன்னது.

இதில் நல்ல முன்மாதிரியும் உண்டு. 'மும்பை மொபைல் கிரெச்சஸ்' என்ற தொண்டு நிறுவனம் 1972 முதல் கட்டட வேலை நடக்கும் இடங்களிலேயே தொழிலாளர் குழந்தைகளைப் பராமரித்து வருகிறது. பில்டர்கள் சிலர் இடமும் தண்ணீரும் மின்சாரமும் கொடுத்து, செலவிலும் பங்கு ஏற்கிறார்கள். தாய் செங்கல் சுமக்கையில் பிள்ளை மணல் மேட்டில் கிடக்காமல் பாடம் படிக்கிறது. ஊர் மெச்சும் தர்மம் இதுவல்லவா!

லாபத்தில் பங்கு

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, ஆண்டுக்கு 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் நிகர லாபம் காணும் கம்பெனி, மூன்றாண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். பக்கத்துப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அந்தப் பணம் வந்ததா என்று குடியிருப்போர் சங்கங்கள் விசாரிக்கலாம்.

நாம் கேட்காதவரை பில்டரும் சொல்லப் போவதில்லை. நண்பர் இப்போது மறுபடியும் பணம் சேர்க்கிறார். போன ஞாயிறு பத்லாபூரில் ஒரு வீடு பார்க்கப் போனோம். இனிப்புத் தட்டை நீட்டினார்கள். நண்பர் அதை ஒதுக்கி வைத்துவிட்டு முதலில் பதிவு எண்ணைக் கேட்டார்.