வானமே வாய்மூடும் தேர்வு!

தென்கொரியாவிலே ஆண்டுக்கொரு நாள், நவம்பர் திங்களில், 35 நிமிடம் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. படையெடுப்போ? அல்ல, தோழர்களே! பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் மாணவர்கள் ஆங்கிலத்தைக் காதால் கேட்டு விடையெழுதும் நேரம் அது!

கேட்டு முடிந்ததும் படித்தறியும் பகுதி. 70 நிமிடத்தில் மொத்தம் 45 வினாக்கள். அவற்றுள் 28 படித்தறிபவை. வினாவுக்கு ஒன்றரை நிமிடம், சற்றே மேல். 2025 தேர்விலே ஜெர்மன் தத்துவ ஞானி காண்ட்டின் சட்டத் தத்துவமே வந்து குறுக்கே நின்றது! 90 அல்லது அதற்கு மேல் வாங்கி முதல் தரம் எய்தியோர் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர். தேர்வு நிறுவனத் தலைவர் பதவி விலகினார். விலகட்டும், போன மதிப்பெண் திரும்பி வருமா?

பணம் படைத்தவன் பிள்ளைக்குத் தனிப்பயிற்சிக் கூடம் உண்டு. சியோலில் அவற்றை இரவு 10 மணிக்காவது மூடுங்கள் என்று விதி செய்யும் அளவுக்கு உண்டு! உழைப்பவன் பிள்ளைக்கு? அரசுக் கல்வி ஒளிபரப்பின் பாடமும் பயிற்சி நூலும். நல்ல ஏற்பாடுதான், மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி என்பது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதல்ல. எழுதியவன் எந்தப் பக்கம் நிற்கிறான், 'ஆயினும்' என்று எங்கே திரும்புகிறான் என்று பிடிப்பது. அதற்கு நாள்தோறும் ஒரு மணி நேர அமைதி வேண்டும். விமானத்தை நிறுத்திய அரசு, அந்த அமைதியை உழைப்பவன் வீட்டுக்கு எப்போது அனுப்பும் என்றே நாம் கேட்கிறோம்.